சிவப்புத் தூள்

மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய சந்தில், மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட பழைய வீடு. கூடத்தில் 55 அங்குல டிவி பெட்டி பிரிக்காமல் நிற்கிறது. எலக்ட்ரீஷியன் அண்ணன் டிரில்லில் முதலில் மாட்டியது சன்னமான பிட். ஒரு துளை போட்டு, கீழே விரித்த பேப்பரில் விழுந்த தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார். பூச்சைத் தாண்டியும் வெள்ளையாகவே வந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று போட்டார். சிவப்பு.

"வெள்ளையா வந்தா சுண்ணாம்புக் காரைம்மா, பிளக்கு நிக்காது. செங்கல் நடுவுல புடிக்கணும்."

"ரெண்டு ஓட்டை வீணா போச்சே தம்பி" என்றார் வீட்டுப் பெரியம்மா. எனக்கோ அந்த ஓட்டைகள்தான் வேலையே என்று பட்டது. கூலி பேசும்போது அவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பெரியம்மாவுக்கு டிவி சுவாமி படங்களுக்குச் சமமாக உயரத்தில் வேண்டும். அண்ணன் மறுத்துப் பேசவில்லை. சோபாவில் உட்காரச் சொல்லி, அவர் கண் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தார். திரையின் நடுப்பகுதி அந்தக் கோட்டை ஒட்டி வந்தால் கழுத்து வலிக்காது. இழுத்துத் திருப்பும் ஸ்டாண்டும் வேண்டாமென்றார். அதன் கை நீள நீள மேல் போல்ட்டுகளைப் பிடுங்கும் விசை கூடும்; காரைச் சுவருக்கு ஒட்டி நிற்கும் பிராக்கெட்தான் சரி. ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே டிரில்லைக் கொண்டு போகவே இல்லை. சுவருக்குள் பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறும். பிறகு ரசமட்டம் வைத்து, 10 எம்.எம். பிட்டுக்கு மாறினார்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில் டிவி மேசைமேல் இருந்தது. சுவருக்கு இந்தப் பாரம் கிடையாது.

விளக்கு விஷயத்தில் அண்ணன் சொன்னதை வீடு கட்டுகிற எல்லோரும் கேட்க வேண்டும். எதிர்ச்சுவர் டியூப்லைட் திரையில் கோடாகத் தெரியும். அதைப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றி, டிவிக்குப் பின்னால் எல்இடி பட்டை ஒட்டினார். இருட்டில் திரை மட்டும் பளிச்சென்று இருந்தால் கண் சோர்ந்துபோகும். பின்னால் மெல்லிய வெளிச்சம் வேண்டும். அதற்கு 6500 கெல்வின் வெள்ளைதான் பொருத்தம். படத்தின் வெள்ளையும் ஏறத்தாழ அதே அளவில்தான் அமைக்கப்படுகிறது. படிக்கும் மூலைக்கு 3000 கெல்வின் மஞ்சள். வீடு முழுக்க ஒரே வெள்ளையைப் போட்டுத் தீர்க்கும் நம் பழக்கம் எனக்குப் பிடித்ததில்லை.

கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் இவ்வளவும். நாள் முழுக்க இந்தத் தூசியைச் சுவாசிப்பவருக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கித் தருவது கூப்பிடுகிறவர்களின் பொறுப்பு.

அடுத்த வேலை தி.நகரில், புது ஃபிளாட். அங்கே ஏஏசி என்னும் இலகு கான்கிரீட் பிளாக் சுவர். பிட் வெண்ணெயில் போவதுபோல் இறங்கிவிடும், சாதாரண பிளக் உள்ளேயே சுற்றும். பையில் நீளமான நைலான் பிளக்குகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.