விரலுக்குத் தெரியும் தேய்மானம்: சாலவாக்கத்தில் பழைய வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டர் வேலை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய தொழிற்சாலைகள் நாள்தோறும் புதிய மோட்டார் சைக்கிள்களை வெளியே அனுப்பிக்கொண்டிருக்க, அதே மாவட்டத்தின் தென்பகுதியில், உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்தில், பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடித் தேய்ந்த வண்டிகளை மேலும் சில ஆண்டுகள் ஓடவைக்கும் தொழில் சாலையோரப் பட்டறைகளில் நடைபெறுகிறது. செயின் ஸ்பிராக்கெட் மாற்றுவது, டயர் மாற்றுவது போன்ற வேலைகளில் தேய்மானம் வண்டிக்காரரின் கண்ணுக்கே தெரியும். ஆனால் முன்பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில் ஏற்படும் தேய்மானம், அதைக் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக்கைத் தவிர வேறு எவருக்கும் தெரியாதது என்பதால், அந்த வேலை முழுவதும் அவருடைய நிதானத்தையும் நேர்மையையும் நம்பியே நிற்கிறது.

பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட மோட்டார் சைக்கிளில் ஆயிலால் இயங்கும் முன் டிஸ்க் பிரேக்கை 1969இல் ஹோண்டா சிபி 750 கொண்டுவந்தது. இந்தியச் சாலைகளில் அது பரவலானது 1999இல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001இல் வந்த பஜாஜ் பல்சர் ஆகிய வண்டிகளுக்குப் பின்னரே. அந்தத் தலைமுறை வண்டிகள் இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி இன்று சிற்றூர்களை வந்தடைந்துள்ளன. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திற்கும் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. அதற்கு முந்தைய டிஸ்க் பிரேக் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஓட்டுபவரின் விரலுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு குழாய் பிரேக் ஆயிலைத் தவிர வேறொன்றும் இல்லை. கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த இந்த வட்டாரத்தில் டிப்பர் லாரிகளுக்கு நடுவே ஓடும் இருசக்கர வண்டிக்கு அந்த ஒரு குழாய் ஆயில் எத்தனை முக்கியமானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மாஸ்டர் சிலிண்டர் என்பது வலக்கைப் பிடியருகே, ஆயில் தொட்டிக்குக் கீழே அமைந்த, அலுமினியத்தில் வார்த்த சிறு உருளை. லிவரை அழுத்தும்போது உள்ளே இருக்கும் பிஸ்டன் முன்னேறுகிறது. பிஸ்டனின் முனையில் பொருந்திய ரப்பர்க் கிண்ணம், பட்டறை வழக்கில் ‘வாஷர்’, தொட்டியிலிருந்து வரும் ஊசிமுனை அளவுத் துளையைக் கடந்த கணத்தில் ஆயில் திரும்பிச் செல்ல வழியின்றி அழுத்தம் பெற்று, கீழே காலிபரில் உள்ள பிஸ்டனைத் தள்ளி, பேடுகளை டிஸ்க்கின்மீது இறுக்குகிறது. லிவரை விட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, அத்துளை திறந்து அழுத்தம் நீங்குகிறது. அத்துளை அழுக்கால் அடைபட்டால், ஓட்டத்தில் சூடாகி விரியும் ஆயில் தொட்டிக்குத் திரும்ப முடியாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். பழைய கிளட்ச் கேபிளிலிருந்து உருவிய ஒற்றை இழையால் அதைத் துழாவித் திறப்பது மெக்கானிக்குகளின் கைப்பழக்கம்.

“லிவரு முழுசா உள்ள போயிடுதுண்ணா” என்பதே பெரும்பாலும் வண்டிக்காரர் சொல்லும் குறை. வெளியே ஒரு சொட்டு ஆயிலும் கசியாமலிருக்க, மெதுவாக அழுத்தும்போது லிவர் படிப்படியாக உள்ளிறங்கினால், வாஷரைத் தாண்டி ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது என்று பொருள். லிவரின் அடியில் ஈரம் தெரிந்தால் பிஸ்டனின் பின்பக்க வாஷரும் போய்விட்டது. இந்நிலையில் மெக்கானிக் முன் இரண்டு வழிகள் உள்ளன: வாஷர், பிஸ்டன், ஸ்பிரிங், லாக் ஆகியவை அடங்கிய ‘கிட்’டை மட்டும் மாற்றுவது, அல்லது அசெம்பிளி முழுவதையும் மாற்றுவது. கிட்டின் விலை அசெம்பிளியின் விலையில் சிறு பங்கே என்பதால், வண்டிக்காரர் எதை விரும்புவார் என்பது சொல்லாமலே விளங்கும்.

தீர்ப்பு சிலிண்டரின் உட்சுவரில் இருக்கிறது. லாக்கைக் கழற்றிப் பிஸ்டனை உருவியபின், உட்புறத்தைப் பிரேக் ஆயிலாலேயே கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மெல்லிய குச்சியின் முனையையோ, எட்டும் அளவுக்குச் சுண்டுவிரலையோ உள்ளே ஓட்டிப் பார்க்கிறார்கள். கழுவப் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ பயன்படுத்தக் கூடாது. அவை பிரேக் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். சுவர் வழுவழுப்பாக இருந்தால் கிட் போதும். பொடிப்பொடியான குழிகள் தட்டுப்பட்டால் புதிய வாஷரையும் அவை சில மாதங்களில் தின்றுவிடும். உப்புத்தாளால் தேய்த்துக் குழியைச் சமன்செய்வதும் சில இடங்களில் உண்டு. ஆனால் அலுமினியத்தின் மேலுள்ள கெட்டியான காப்புப் படலமும் அத்துடன் போய்விடுவதால், அது பழுதுபார்ப்பு ஆகாது, பழுதைத் தள்ளிப்போடுவதே ஆகும். இதை வண்டிக்காரரிடம் சொல்லி, செலவு கூடுவதற்கு அவரை இசையவைப்பதுதான் இத்தொழிலின் கடினமான பகுதி. ஸ்பேனர் பிடிப்பதைவிடக் கடினம். குழி விழுந்த சிலிண்டரை அவரது கையிலேயே கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லும் மெக்கானிக் தன் கடமையைச் செய்தவராகிறார்.

அக்குழிகள் ஏன் விழுகின்றன என்பதில்தான் பிரேக் ஆயிலின் இயல்பு அடங்கியுள்ளது. டாட் 3, டாட் 4 என்ற வகைகள் கிளைக்கால் சார்ந்தவை. காற்றிலிருந்து ஈரத்தை ஈர்ப்பவை. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அவ்வெல்லை 155 டிகிரிக்கு இறங்குகிறது. ஈரம் சூட்டில் ஆவியாகிப் பிரேக்கைத் தளர்த்துவது ஒருபுறமிருக்க, நிறுத்தி வைத்த வண்டியில் அதே ஈரம் உலோகத்தை அரிக்கிறது. பிஸ்டன் அன்றாடம் சென்றுவரும் பகுதி துலங்கியிருக்க, அதற்கு அப்பாலுள்ள, வாஷர் தொடாத பகுதியில் அரிப்பும் கசடும் படிகின்றன. பேடு மாற்றியபின் குழாயில் தங்கிய காற்றை நீக்க லிவரைக் கைப்பிடிவரை அழுத்தி அழுத்தி ‘ஏர் எடுக்கும்போது’ வாஷர் முதன்முறையாக அப்பகுதிக்குள் நுழைந்து கீறிக்கொள்கிறது. நன்றாக இருந்த பிரேக் பட்டறைக்குப் போய்வந்த சில நாளில் கெட்டது என்ற பழி பல மெக்கானிக்குகள்மீது விழுவதற்கு இதுவே காரணம். பழைய வண்டியில் லிவரைப் பாதிக்குமேல் அழுத்தாமல், கட்டையொன்றை இடையில் வைத்து ஏர் எடுப்பவர் இக்காரணத்தை அறிந்தவர்.

புதிய அசெம்பிளியைப் பொருத்துவதில் கவனிக்க வேண்டியது அளவு. சிலிண்டரின் விட்டம் 11, 12.7, 14 மில்லிமீட்டர் என வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் அது உடலில் பொறிக்கப்பட்டிருக்கும். 12.7 இருந்த இடத்தில் 14 போட்டால், அதே விரல் விசைக்கு அழுத்தம் ஏறத்தாழ 18 விழுக்காடு குறையும். லிவர் கெட்டியாகத் தோன்றுவதால் பிரேக் மேம்பட்டதாக ஓட்டுபவர் மயங்குவார். ஆயில் குழாயை இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் இருபுறச் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும். பிரேக் ஆயில் பெயின்ட்டைக் கரைக்கும் என்பதால் டேங்க்கின்மேல் துணி விரிக்கப்படுகிறது. சிந்தினால் தண்ணீர் ஊற்றினாலே கழுவப்பட்டுவிடும்.

ஏர் எடுப்பது இருவர் வேலை. ஒருவர் லிவரை அழுத்திப் பிடித்து “புடிச்சிருக்கேன்” என்று குரல்கொடுக்க, மற்றவர் காலிபரின் நிப்பிளை எட்டாம் நம்பர் ஸ்பேனரால் கால் சுற்றுத் திறந்து மூடுகிறார். லிவரை விடுவது நிப்பிள் மூடியபின்தான். குமிழி நின்ற பிறகும் லிவர் சற்றுத் தளர்ந்திருந்தால், சைக்கிள் டியூப் துண்டால் லிவரை இழுத்துக் கட்டி இரவு முழுவதும் வைக்கும் வழக்கமும் உண்டு. மறுநாள் காலையில் லிவர் பெரும்பாலும் கெட்டிப்பட்டிருக்கிறது.

கிளட்ச்சுக்கும் இதே அமைப்பு உண்டு. ஆனால் இந்தியாவில் ஓடும் சாதாரண மோட்டார் சைக்கிள்களின் கிளட்ச் கேபிளால் இயங்குவதால், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் வேலை இங்கே கார்களோடும் லாரிகளோடும் நின்றுவிடுகிறது. அங்கு வாஷர் தேய்ந்தால் கிளட்ச் முழுதாக விடுபடாமல் கியர் முரண்டுபிடிக்கும். உயிருக்கு வரும் ஆபத்து குறைவு என்பதால் அதைத் தள்ளிப்போடுவோர் அதிகம்.

ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. சிற்றூர்ப் பட்டறைகளில் உழைப்போர் பலர் அதைப் படிக்காமல், இன்னொருவரின் அருகில் நின்று கற்றவர்கள். குழியைத் தடவி அறியும் விரல் அவர்களிடம் இருக்கிறது. எழுதி வைக்கும் பழக்கம்தான் குறைவு. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பல நிறுவனங்களின் பரிந்துரை. ஆனால் பலமுறை கைமாறிய வண்டியில் அது கடைசியாக எப்போது மாறியது என்று யாருக்கும் தெரிவதில்லை. வேலை முடிந்ததும் தொட்டியின் மூடியில் மாதத்தையும் ஆண்டையும் மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டால், அடுத்துத் திறக்கும் மெக்கானிக், அவர் எந்த ஊர்க்காரராயினும், சிலிண்டரைக் கழற்றாமலே பாதியை அறிந்துகொள்வார்.