கயிறு பிடிப்போர்



முத்துக்குளித்துறை என்று உலகம் புகழும் கடற்கரை நம்முடையது. ஆயினும் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். நம் பெற்றோர்கூட அதைக் கண்டதில்லை. என் தாத்தா கண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு. அவர் கடலில் குதித்தவர் அல்லர். தோணியில் நின்று கயிறு பிடித்தவர்.

குளிப்பவர் கனமான கல் கட்டிய கயிற்றின் துணையால் கடலடிக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சை அடக்கிச் சிப்பிகளைப் பொறுக்கிப் பையில் இடுவார். அவர் கயிற்றை அசைத்ததும் தோணியில் நிற்பவர் மேலே இழுக்க வேண்டும். "முத்து கிடைத்தால் குளித்தவனைத்தான் ஊர் பேசும், கயிறு பிடித்தவன் கண்ணயர்ந்தால்தான் அவன் பெயர் வெளியே வரும்" என்று தாத்தா கூறுவாராம். இதை எனக்குச் சொன்னவர் அம்மா. தாத்தா இறந்தபோது நான் மூன்று வயதுக் குழந்தை.

கணினிக்குள்ளும் இத்தகைய கயிறு பிடிப்போர் உண்டு என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் அறிந்துகொண்டேன். அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

மெமரி கார்டு என்னும் சிறு அட்டையைக் கணினியில் செருகுகின்றோம். உடனே படங்கள் திரையில் தோன்றுகின்றன. இடையில் நடப்பது என்ன? அட்டைக்கும் கணினிக்கும் நடுவே 'கன்ட்ரோலர்' எனப்படும் சில்லு ஒன்று இருக்கின்றது. அட்டைக்கு மின்சாரம் தருவதும், அது செருகப்பட்டதா உருவப்பட்டதா என்று அறிவதும், கட்டளையை அனுப்பிப் பதிலைப் பெறுவதும் அச்சில்லின் வேலை. அச்சில்லோடு பேசத் தெரிந்த நிரலுக்கு 'டிரைவர்' என்று பெயர். தமிழில் இயக்கி என்பர். இயக்கி இல்லையேல் அட்டையில் படம் பத்திரமாக இருந்தும் பயனில்லை. கடலடியில் முத்து இருக்கின்றது, எடுப்பார்தாம் இல்லை!

அட்டைகளும் ஓர் இனமல்ல. 1994-இல் காம்பாக்ட் ஃபிளாஷ், 1998-இல் மெமரி ஸ்டிக், 1999-இல் எஸ்.டி. கார்டு, 2002-இல் எக்ஸ்.டி. கார்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்று நாம் பெரும்பாலும் காண்பது எஸ்.டி. இனத்தை மட்டுமே. மற்றவை மேசை இழுப்பறைகளில் உறங்குகின்றன.

எங்கள் வீட்டு இழுப்பறையிலும் ஒரு மெமரி ஸ்டிக் உறங்கிற்று. கப்பலில் வேலை பார்க்கும் மாமா வெளிநாட்டில் வாங்கி வந்த கேமராவின் அட்டை அது. 2010-ஆம் ஆண்டு பனிமய மாதா திருவிழாவின்போது தாத்தா என்னை மடியில் வைத்திருக்க, மாமா எடுத்த படங்கள் அதில் இருந்தன. தாத்தாவும் நானும் சேர்ந்திருக்கும் படங்கள் வேறு எங்கள் வீட்டில் இல்லை. கேமரா உப்புக்காற்றில் கெட்டுவிட்டது. கடைகளில் கேட்டால், "இந்த அட்டைக்கு இப்போது ரீடர் வருவதில்லையே" என்றார்கள்.

மாமாவின் பழைய மடிக்கணினியில் அந்த அட்டைக்குரிய துளை இருந்தது. ஆனால் அதன் இயங்குதளம் பழுதாகிவிட்டது. ஒரு கடையில் புதிய இயங்குதளம் ஏற்றித் தந்தனர். மற்றவை எல்லாம் இயங்கின. துளை மட்டும் விழிக்கவில்லை. பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன், "லினக்சைப் போட்டுப் பார்ப்போம், பாப்பா" என்று பென் டிரைவிலிருந்து அதனைத் தொடங்கினான். அட்டையைச் செருகினோம். சிறிது நேரத்தில் தாத்தா திரையில் சிரித்தார். அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, பேச்சற்று நின்றுவிட்டார்.

இது எவ்வாறு நடந்தது? கணினியின் உறுப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது, அச்சில்லு ரிக்கோ ஆர்5சி592 என்று தெரிந்தது. லினக்சின் மூல நிரல் யாவரும் படிக்கத் திறந்தே இருக்கின்றது. அதில் தேடினோம். அச்சில்லுக்கான இயக்கியை 2010-இல் எழுதியவர் மாக்சிம் லெவிட்ஸ்கி. மெமரி ஸ்டிக் புரோ அட்டையின் மொழியை அறிந்த பகுதியை அதற்கு முன்பே, 2007-இல், எழுதி வைத்தவர் அலெக்ஸ் டூபோவ். இருவரும் தூத்துக்குடியை அறிந்திருப்பார்களோ, என்னவோ!

ஆனால் என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. எழுதியதோடு வேலை முடிவதில்லை. இயங்குதளம் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கின்றது. அதற்கேற்பப் பழைய இயக்கிகளையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மேற்சொன்ன இயக்கியில் 2023-ஆம் ஆண்டிலும் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. அட்டை வந்ததா, போனதா என்று பார்க்க அது ஒரு கடிகாரத்தை ஓடவிடுகின்றது. இயக்கியை நீக்கும்போது அக்கடிகாரத்தை முதலில் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், பின்னர் கடிகாரம் அடிக்கும்போது தனக்குரியதல்லாத இடத்தைத் தொட்டுக் கணினியையே நிலைகுலையச் செய்யும். யாரும் வாங்காத அட்டைதானே என்று விட்டுவிடாமல், அந்த ஆண்டிலேயே அதனைச் சரிசெய்தார்கள்.

இவ்வேலையைப் பார்ப்போர் பெயர்களை லினக்சில் ஒரு பட்டியலாக வைத்திருக்கின்றனர். பார்ப்பார் இல்லாத பகுதிக்கு எதிரே 'அநாதை' என்னும் பொருள்படும் சொல்லை எழுதுவர். எஸ்.டி. கார்டு பகுதியைப் பேணிவந்த பியர் ஓஸ்மன் 2009-இல் விலகியபோது, அதற்கும் அந்தச் சொல்லே எழுதப்பட்டது. எண்ணிப் பாருங்கள்! உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் அட்டைக்கு அந்த நிலை! அடுத்த ஆண்டில் கிறிஸ் பால் அப்பொறுப்பை ஏற்றார். அவருக்குப்பின் உல்ஃப் ஹான்சன் அதைத் தாங்கிவருகின்றார். ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கயிறு மாறியதால் அது அறுந்துபோகவில்லை.

எல்லா இயக்கிக்கும் இந்தப் பேறு வாய்ப்பதில்லை. பயன்படுத்துவோர் எவரும் இல்லை என்று தோன்றினால் நீக்கிவிடுகின்றனர். பழைய மடிக்கணினிகளில் செருகிய பி.சி.எம்.சி.ஐ.ஏ. அட்டைகளுக்கான இயக்கிகள் சில 2023-இல் அவ்வாறு நீக்கப்பட்டன. அதைக் குறை கூறவும் இயலாது. பேணுவதற்கு ஆள் வேண்டும். ஆளுக்கு நேரம் வேண்டும். வீட்டைக் கட்டியவரை ஊர் அறியும். நாள்தோறும் கூட்டிப் பெருக்குபவரை யார் அறிவார்? நம் அன்னையர் செய்யும் வேலையும் இத்தகையதே அல்லவா?

தோழியரே, உங்கள் வீட்டு இழுப்பறைகளைத் திறந்து பாருங்கள். பழைய அட்டைகள் இருப்பின், படிக்கும் வழி அடைபடுமுன் அவற்றிலுள்ளவற்றை வேறு இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். அட்டையை எடுக்குமுன் 'வெளியேற்று' என்னும் கட்டளையைத் தாருங்கள். எழுத வேண்டியவற்றை எல்லாம் கணினி எழுதி முடிக்க அவகாசம் கிடைக்கும். திறந்த மூல நிரல் ஒன்றில் குறை கண்டால் அதைப் பேணுவோருக்குத் தெரிவியுங்கள். இன்னும் ஒருவர் பயன்படுத்துகின்றார் என்பதே அவர்களுக்குப் பெரிய செய்தி.

இயக்கிகள் பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பது, நாம் வகுப்பில் கற்கும் சி++ மொழிக்கு மூத்ததான சி மொழியில். அதை நான் கற்கத் தொடங்கியிருக்கின்றேன். புதியன படைக்கும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. இருப்பதைக் காக்கும் ஆசையும் நம்மில் சிலருக்காவது வரட்டும். பட்டியலில் 'அநாதை' என்று எழுதிய இடங்கள் இன்னும் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிற்கு எதிரே, ஒருநாள், நம் பள்ளி மாணவி ஒருத்தியின் பெயர் இடம்பெறட்டும்.