ஈய எழுத்துக்குப் பிறகு

சிவகாசி அச்சகம் ஒன்றில் புரூப் பார்க்கும் அண்ணாச்சியின் முதல் வேலை தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குவது. சட்டத்தின் பள்ளங்களில் குச்சிகளை வரிசையாக வைத்து இறுக்க வேண்டும். பெரியவர்கள் அதை வாங்கி மெழுகில் முக்கி, பிறகு மருந்தில் முக்குவார்கள். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. போனாரா என்று கேட்டதற்கு, “மழை பெஞ்சா போவோம்” என்றார். மழை பெய்தால் மருந்து காயாது, ஆபீஸ் லீவு. சிவகாசியில் எத்தனை நாள் மழை பெய்யும் என்று தெரிந்தவர்களுக்கு அவருடைய படிப்பு எவ்வளவு என்பது புரிந்துவிடும்.

அந்த ஊரும் இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி வளர்ந்ததுதான். 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பெட்டி வந்ததும் லேபிள் தேவைப்பட்டது. பட்டாசுக்கும் அதே தேவை. லேபிள் அடிக்க அச்சகங்கள் வந்தன, அச்சகங்கள் இருந்ததால் காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் வந்தன. மருந்தைக் காயவைத்த வறண்ட காற்றே மையையும் காயவைத்தது.

பதினைந்து வயதில் ஒரு டிரெடில் அச்சகத்தில் சேர்ந்தார். எடுத்த எடுப்பில் யாரும் எழுத்துக் கோக்க விடமாட்டார்கள். அடித்து முடித்த பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, ஒவ்வொரு ஈய எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். இடம் கைக்குப் பழகுகிற வரை அதுதான் வேலை. அந்த அறைகள் கொண்ட பெட்டிதான் கேஸ். ஆங்கிலக் கேஸை விடத் தமிழ்க் கேஸ் பெரிய காடு. ‘கு’வுக்கு ஓர் அறை, ‘கூ’வுக்கு வேறு அறை, புள்ளி வைத்த மெய்களுக்குத் தனித்தனி அறை.

அச்சகத்தின் பின்னறையில் அப்படி ஒரு கேஸ் இன்னும் கிடக்கிறது. தூசி தட்டி இழுத்துக் காட்டினார். இடது கையில் எழுத்துக் கோக்கும் ஸ்டிக் இருப்பது போலப் பிடித்துக்கொண்டு, வலது கையால் இல்லாத எழுத்துகளை எடுத்து வைத்தார். கண் கேஸைப் பார்க்கவே இல்லை. வரியைத் தலைகீழாகத்தான் கோப்பார்கள், எழுத்தோ கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருக்கும். அந்தப் பழக்கத்தில், மேஜைக்கு எதிரே இருப்பவர் கையிலுள்ள காகிதத்தை அவர் இன்றும் சரளமாக வாசிக்கிறார். என் குறிப்பேட்டை நான் மூடிவைக்க வேண்டியிருந்தது!

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. 1935இலேயே பெரியார் ‘குடி அரசு’ இதழில் தொடங்கிவைத்த மாற்றம் அது. ‘லை’, ‘னை’, ‘றா’, ‘ணோ’ உள்ளிட்ட 13 எழுத்துகள் பழைய வடிவத்தை விட்டன. வாசகருக்குக் கண் பழக வேண்டும், அவ்வளவுதான். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டருக்கு விரல் பழக வேண்டியிருந்தது. ‘மனைவி’ என்று கோக்கும்போது கை தானாகவே பழைய அறைக்குப் போய்விடும் என்றார். ஆனால் அவருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. முகூர்த்த மாதங்களில் பத்திரிகைகள் குவியும்போது எழுத்து பற்றாமல் பக்கத்து அச்சகத்துக்கு ஓடிக் கடன் வாங்கும் தொல்லை கொஞ்சம் குறைந்தது.

கம்பாசிட்டராகத் தொடங்கி வேறு உயரங்களுக்குப் போனவர்கள் உண்டு. விந்தன் ஆனந்த விகடனில் எழுத்துக் கோத்தவர். கல்கி இதழில் துணையாசிரியரானார், பிறகு சினிமாவுக்கு வசனமும் பாட்டும் எழுதினார். அச்சுக்கூடங்களில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ, அது ஆயிரத்தில் ஒருவரின் கதை. மற்றவர்கள் பக்கவாட்டில்தான் நகர்ந்தார்கள், அதுவும் யாரோ தள்ளியதால்.

இவரைத் தள்ளியது கம்ப்யூட்டர். தொண்ணூறுகளில் டிடிபி வந்ததும் ஈய எழுத்துகள் மூட்டை கட்டி எடைக்குப் போயின. கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் டீக்கடை வைத்தார், ஒருவர் வாட்ச்மேன் ஆனார். இவர் சில காலம் டிரெடிலில் தாள் கொடுத்தார். கை ஒரு நொடி தாமதித்தால் விரல் போய்விடும் இயந்திரம் அது. பிறகு ஆப்செட்டில் உதவியாளர். சம்பளம் பாதியாகக் குறைந்தது. சொல்லித் தந்தவர் இவரை விடப் பத்து வயது இளையவர். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கும் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். அந்த ரெஜிஸ்டர் கைவர அதிக நாள் ஆகவில்லை. ஒரு மயிரிழை விலகலும் கண்ணில் உறுத்தும்படி ஈய எழுத்து ஏற்கெனவே பழக்கியிருந்தது.

முழங்கால் நிற்க மறுத்தபின் நாற்காலி கொடுத்தார்கள். இப்போது தினசரி காலண்டருக்குப் புரூப் பார்க்கிறார். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக் காலண்டரை வெளியிடுவது ஊர் வழக்கம்; அதற்குள் எல்லாத் தாளும் முடிந்தாக வேண்டும். பேசிக்கொண்டே ஒரு தாளில் பென்சிலால் சுழித்தார். டிடிபி பெண்ணைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, வெள்ளிக்கிழமைக்கு ராகுகாலம் ஒம்பதுன்னு அடிச்சிருக்க? அது சனிக்கிழமைக்குல்ல. இதுக்குப் பத்தரை பன்னெண்டு.”

“சனிக்கிழமை பக்கத்த காப்பி பண்ணிட்டேன், அண்ணாச்சி.”

“அப்ப எல்லா வெள்ளிக்கிழமையும் எடுத்துட்டு வா.”