நாலு சிவப்பு விளக்குகள்

ப்ளேஸ்டேஷன் 3 கன்ட்ரோலரின் நடுவில் இருக்கிற வட்டப் பொத்தானை அழுத்தினால், அதன் முன்விளிம்பில் நாலு சின்ன சிவப்பு விளக்குகள் மின்னும். பார்க்கிறவர்களுக்கு 'நான் ரெடி' என்று சொல்வதுபோல இருக்கும். உண்மையில் அது அப்போது தேடிக்கொண்டிருக்கிறது. தன் நினைவில் இருக்கிற ஒரே ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கிறது. பதில் வந்தால் ஒரு விளக்கு மட்டும் நிலைத்து எரியும். வராவிட்டால் கொஞ்ச நேரம் மின்னிவிட்டு நாலும் அணைந்துபோகும்.

அந்த முகவரி என்பது ஆறு பைட். எழுதிப் பார்த்தால் எண்ணும் எழுத்துமாகப் பன்னிரண்டு இடம். உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு ப்ளூடூத் கருவிக்கும் இப்படி ஒன்று உண்டு. ஹெட்போனையும் போனையும் சேர்க்கும்போது நாம் செய்வது இதைப் பரிமாறிக்கொள்ள வைப்பதுதான். ஹெட்போனில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது 'நான் இங்கே இருக்கேன்' என்று சுற்றியிருக்கிற எல்லோருக்கும் அறிவிக்கும். போனில் பெயர் தெரியும். தொட்டால் இரண்டும் ஒரு சாவியை உருவாக்கி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேள்வியே இல்லாமல் சேர்ந்துவிடும்.

2006-ல் வந்த அந்த முதல் தலைமுறை கன்ட்ரோலருக்கு இந்த ஊர் அறிவிப்பெல்லாம் கிடையாது. அதுவும் ப்ளூடூத்தான். ஆனால் தன்னை யாருக்கும் காட்டிக்கொள்ளாது. கன்சோலோடு கேபிளில் சொருகும்போது, கன்சோல் தன் முகவரியை அதற்குள் எழுதிவிடும். அதோடு சரி. கேபிளைப் பிடுங்கிய பிறகும் அது அந்த ஒரு வீட்டைத்தான் கூப்பிடும். உங்கள் கம்ப்யூட்டரில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் காத்திருந்தாலும் அதில் இதன் பெயர் வராது.

எனக்கு இதெல்லாம் தெரியவந்தது அண்ணனால்தான். 2020 ஊரடங்கில் மன்னார்குடி வீட்டில் நானும் அவனும் அந்தப் பழைய ப்ளேஸ்டேஷனில் விளையாடாத நாள் இல்லை. 2021 கடைசியில் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பியபோது கன்சோலைத் துணிக்கு நடுவே சுற்றி எடுத்துக்கொண்டு போனான். ஒரு கன்ட்ரோலர்தான் கொண்டுபோனான். மற்றொன்று அலமாரியில் என் சுடிதார்களுக்குக் கீழே கிடந்தது. சில மாதம் கழித்து அதை எடுத்து நடுப்பொத்தானை அழுத்தினேன். பேட்டரியில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. நாலு விளக்கும் மின்னின. கடல் தாண்டி இருக்கிற ஒரு பெட்டியை அது மன்னார்குடியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ப்ளூடூத்துக்கு எட்டுகிற தூரம் சாதாரணமாகப் பத்து மீட்டர்.

அதை என் லேப்டாப்போடு சேர்க்க முதலில் தேவைப்பட்டது கேபிள். இப்போது எல்லார் வீட்டிலும் கிடக்கிற சி-டைப் அதற்குப் பொருந்தாது. அதற்கு முந்தைய போன்களின் மைக்ரோ யூஎஸ்பியும் பொருந்தாது. அதற்கும் முந்தைய மினி யூஎஸ்பி, கொஞ்சம் தடியாக இருக்குமே, அது வேண்டும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற மொபைல் கடைகளில் கேட்டால் சிரித்தார்கள். கடைசியில் தெருமுனை ஸ்டூடியோ அண்ணன் தன் பழைய கேமராவின் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். "திருப்பித் தரணும்மா" என்றார். இன்னும் தரவில்லை. அவரும் கேட்கவில்லை.

லேப்டாப் பழசு. விண்டோஸ் தாங்காததால் உபுண்டு போட்டிருந்தேன். இந்த விஷயத்தில் அது நல்லதாகப் போயிற்று. விண்டோஸில் இந்தக் கன்ட்ரோலருக்கு யாரோ தனி மனிதர்கள் எழுதிய டிரைவரைத் தேடிப் போட வேண்டும். அதில் பழைய ஒன்று உங்கள் ப்ளூடூத் டாங்கிளையே முழுசாகக் கைப்பற்றிக்கொள்ளும்; அப்புறம் அந்த டாங்கிளில் ஹெட்போன் சேராது. லினக்ஸில் கேபிளைச் சொருகியதும் 'இதை அனுமதிக்கலாமா' என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. சரி என்றேன். கேபிளைப் பிடுங்கி, நடுப்பொத்தானை அழுத்தினேன். நாலும் மின்னி, ஒன்று நிலைத்து எரிந்தது.

அந்த ஒரு நொடியில் நடந்தது இவ்வளவுதான்: சிங்கப்பூர்ப் பெட்டியின் முகவரி அழிந்து, என் லேப்டாப்பின் முகவரி அந்த இடத்தில் ஏறியது. இரண்டு முகவரிக்கு அதில் இடம் இல்லை. கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது.

மற்ற கன்ட்ரோலர்களின் சுபாவம் வேறு. ப்ளேஸ்டேஷன் 4-க்கு ஷேர் பொத்தானையும் நடுப்பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால், முன்னால் இருக்கிற விளக்குப்பட்டை வேகமாக மின்னும். கம்ப்யூட்டரில் பெயர் தெரியும். 5-ல் ஷேர் இருந்த இடத்தில் கிரியேட். நின்டெண்டோ ஸ்விட்சின் புரோ கன்ட்ரோலருக்கு மேல்விளிம்பில், சார்ஜ் துளைக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு பொத்தான். எக்ஸ்பாக்ஸ் 360-ன் கதை தனி. 2005-ல் வந்த அது ப்ளூடூத்தே பேசாது. தனக்கென்று ஒரு வானொலி மொழி வைத்திருந்தது. கம்ப்யூட்டரில் அதைக் கேட்க ஒரு தனி ரிசீவர் வாங்க வேண்டும். சார்ஜ் கேபிளைச் சொருகினால் வேலை செய்யும் என்று பலர் நினைப்பார்கள். அந்தக் கேபிளில் வருவது மின்சாரம் மட்டும்தான், பேச்சு வராது. 2013-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் முதலில் அப்படித்தான். 2016 மாடலில்தான் ப்ளூடூத் வந்தது. செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது எக்ஸ்பாக்ஸ் பொத்தானைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அது முகப்பின் அதே பிளாஸ்டிக்காக, ஒரே துண்டாக இருந்தால் ப்ளூடூத் உண்டு. மேலே விரல் வைக்கிற பொத்தான்களோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் இல்லை.

சேர்ந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் மொழிப் பிரச்சனை. கம்ப்யூட்டருக்குக் கன்ட்ரோலரிலிருந்து போவது 'பொத்தான் 0, பொத்தான் 1' என்கிற மாதிரி எண்கள்தான். எது குதி, எது அடி என்று யாராவது சொல்லித் தர வேண்டும். கம்ப்யூட்டர் ஆட்டங்கள் பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸின் முறைப்படி எழுதப்பட்டவை. திரையில் 'ஏ-வை அழுத்து' என்று வரும். என் கையில் ஏ-வே இல்லை, முக்கோணமும் வட்டமும் சதுரமும் பெருக்கல் குறியும்தான். இந்த மொழிபெயர்ப்புக்காகவே எஸ்.டி.எல். என்ற மென்பொருளோடு ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கிறது. வரிக்கு ஒரு கன்ட்ரோலர். ஒரு நீளமான அடையாள எண், பெயர், எந்தப் பொத்தான் எது என்கிற விவரம். எங்கோ ஓர் ஊரில் யாரோ தன்னிடம் இருந்த பெயர் தெரியாத கம்பெனி கன்ட்ரோலரை ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்து, ஒரு வரி எழுதி அனுப்பியிருப்பார். அந்த வரியால் இன்னோர் ஊரில் இன்னொருவருக்கு ஆட்டம் ஓடும். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கப்போவதில்லை.

லினக்ஸ் கர்னலுக்குள்ளேயும் இப்படி இருக்கிறது. இந்தக் கன்ட்ரோலரின் சில போலிகள் இணைந்த உடனே அதிர ஆரம்பித்து நிற்கவே நிற்காது. அவற்றை அடையாளம் கண்டு அடக்குவதற்கென்றே சில வரிகள் உண்டு. அசல் வாங்கக் காசில்லாதவர்களை மனதில் வைத்து யாரோ உட்கார்ந்து எழுதிய வரிகள். 2021-ல் சோனியே ப்ளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலருக்கான டிரைவரை லினக்ஸுக்குக் கொடுத்தது. அதற்கு முன்னால் பல வருடம் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் தங்கள் வீட்டில் கன்ட்ரோலர் வைத்திருந்த சாதாரண ஆட்கள்.

இனி அண்ணன் விஷயம். அவன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். "சாப்டியா", "சாப்டேன்", "அப்பா மாத்திரை போடுறாரா", "போடுறாரு", "சரி வையி." இரண்டு நிமிடம் தாண்டாது. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இவனுக்கு எங்கிட்ட பேச ஒண்ணுமே இல்லையா" என்பாள். அவனுக்குப் பேசத் தெரியாது, அவ்வளவுதான். ஊரடங்கின்போது கவனித்திருக்கிறேன்: கை இரண்டும் கன்ட்ரோலரில் இருக்கும்போது மட்டும் அவன் வாய் திறக்கும். காலேஜில் ஒரு பெண்ணைப் பிடித்திருந்ததை என்னிடம் சொன்னது ஒரு கால்பந்து ஆட்டத்தின் இரண்டாம் பாதியில்.

டவர்ஃபால் என்று ஓர் ஆட்டம். வில்லும் அம்பும் வைத்துக்கொண்டு நாலு பேர் ஒரே திரைக்குள் துரத்திக்கொள்வது. அதில் ஆன்லைன் வசதியே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையை இடித்துக்கொண்டு ஆட வேண்டியது. ஆனால் ஸ்டீமில் 2019-லிருந்து 'ரிமோட் ப்ளே டுகெதர்' என்று ஒன்று இருக்கிறது. ஆட்டம் என் லேப்டாப்பில் மட்டும் ஓடும். என் திரை வீடியோவாக அவனுக்குப் போகும். அவன் அங்கே அழுத்துகிற பொத்தான் இங்கே வந்து சேரும். என் லேப்டாப்புக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டாவது ஆள். அவன் ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம்.

அவன் அறைத்தோழனின் ப்ளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரை இரவல் வாங்கித் தன் லேப்டாப்பில் சேர்த்துக்கொண்டான். அதன்பிறகு தோழனின் கன்சோலில் அது எடுக்கவில்லை, மறுபடி கேபிள் போட வேண்டியிருந்தது. "ஒரு பொண்டாட்டிதான்டி கட்டும் இது" என்றான். எங்களுக்கு இரவு ஒன்பது என்றால் அவனுக்குப் பதினொன்றரை. அரைமணி நேரம்தான் ஆடுவோம். அம்பு விட்டுக் கொஞ்சம் கழித்துத்தான் அவனுக்குப் பறக்கும். அந்தத் தாமதத்தையே சாக்காகச் சொல்லித் தோற்றதை ஒப்புக்கொள்ள மாட்டான்.

ஒரு வியாழக்கிழமை, இரண்டு பேரும் ஒரே மேடையின் இரண்டு ஓரத்தில் அம்பு தீர்ந்து நிற்கிறோம். "ஏஜென்ட்டுக்குக் கட்டினதுக்கு வாங்கின காசுல இன்னும் பாதி நிக்குதுடி" என்றான். அது மூணு வட்டி. வீட்டில் எல்லோரும் அது எப்போதோ முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தோம். மாதாமாதம் வருகிற பணத்தில் அப்பா மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். ஓவர்டைம் நின்று எட்டு மாதம் ஆகிறதாம். "அப்பாகிட்ட சொல்லாத." என் ஆள் மேடையிலிருந்து குதித்தது, அவன் ஆள் அங்கேயே நின்றது. "நீயே சொல்லுண்ணா. கம்பி கட்டுறதுக்குள்ள சொல்லிடு" என்றேன். பதில் இல்லை. அடுத்த சுற்று ஆரம்பித்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் இருபது நிமிடம் போயிற்று. அப்பா பேசி முடித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். மாடி வேலை நின்றது. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

2023 டிசம்பரில் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு என் கன்ட்ரோலர் திடீரென்று சேரவில்லை. நாலு விளக்கும் மின்னி அணைந்தன. பேட்டரி போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றியது. காரணம் வேறு. பக்கத்தில் இருக்கிற யாரோ ஒருவர் போலியாக ஒரு கீபோர்டுபோல நடித்து, உங்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து தட்டச்சு செய்ய முடியும் என்கிற ஓட்டை ப்ளூடூத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதை அடைத்தார்கள். முறையாகச் சாவி பரிமாறிக்கொள்ளாத எதையும் உள்ளே விடாதே என்று கதவை இறுக்கினார்கள். என் கன்ட்ரோலரோ அந்தச் சாவி வழக்கமே இல்லாத ஆள். ஓர் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் பழையபடி சேரும்; கூடவே அந்த ஓட்டையும் திறந்துகொள்ளும். நான் மாற்றவில்லை. ஸ்டூடியோ அண்ணனின் கேபிளைச் சொருகி, கயிறு கட்டிய மாடுபோல லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆடினேன். பிறகு வந்த பதிப்பில் இந்தப் பழைய கன்ட்ரோலர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வழி விட்டிருந்தார்கள். இவ்வளவு பழைய ஒரு பொருளை யாரோ ஞாபகம் வைத்திருந்தார்கள்.

உங்களிடம் இப்படி ஒன்று கிடந்தால் இரண்டு விஷயம். சேர்ந்த பிறகு விட்டுவிட்டு வேலை செய்தால், பக்கத்துத் துளையில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். அது வேலை செய்யும்போது கிளம்புகிற இரைச்சல் ப்ளூடூத்தின் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும். டாங்கிளை ஒரு நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்தால் போதும். இரண்டாவது, கேபிளைத் தொலைத்துவிடாதீர்கள்.

அண்ணன் பொங்கலுக்கு வருகிறான், கடன் முடிகிற நிலையில் இருக்கிறது. கன்சோலையும் கொண்டுவருகிறானாம். அவன் இருக்கிற மூன்று வாரமும் கன்ட்ரோலர் அதோடுதான் சேர்ந்திருக்கும், என் லேப்டாப்பை மறந்துவிடும். அவன் கிளம்பிய அன்று ராத்திரி மறுபடி சொருகிக்கொள்வேன். பத்து வினாடி வேலை.