மருத்துவர் காணாத இரவு

திருப்போரூரில் வாழும் எம் பேரனுக்கு ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் உண்டு. அவனைச் செங்கற்பட்டுக்கு மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், தாய்க்கு ஒருநாள் கூலி போகும். அவனுக்குப் பள்ளி போகும். அன்றைக்கோ அவன் நன்றாகவே மூச்சு விடுவான்! திணறிய இரவை மருத்துவர் எவ்வாறு அறிவார்?

நெதர்லாந்தில் எட்டு மருத்துவமனைகள் இதற்கு ஒரு வழி தேடின. 6 முதல் 16 வயதுவரையுள்ள 210 சிறாரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் நான்கு மாதங்களுக்கொருமுறை மருத்துவரிடம் சென்றனர். மற்றவர் எட்டு மாதங்களுக்கொருமுறை சென்று, மாதந்தோறும் இணையத்தின் வழியே தம் நிலையைத் தெரிவித்தனர். 16 மாதங்கள் கவனித்ததில், நேரில் செல்வது குறைந்தபோதும் நோயின் கட்டுப்பாடு குறையவில்லை. இம்முடிவு 2017-இல் வெளியாயிற்று.

இதன் உயிர்நாடி கருவியன்று, இடைவிடாத கவனிப்பே. 4 முதல் 11 வயதினர்க்கான ஆஸ்துமா வினாத்தாளில் ஏழு வினாக்கள் உள. அவற்றுள் நான்கிற்குக் குழந்தையே விடை கூறவேண்டும். மொத்த மதிப்பெண் 19-ஐத் தாண்டாவிடில் நோய் அடங்கவில்லை என்பது பொருள்.

இணைய வசதியில்லா இல்லத்திலும் நோட்டுப் புத்தகம் உண்டன்றோ? இரவில் இருமினானா, ஓடி விளையாடினானா, இன்ஹேலர் மருந்தைத் தவறாது எடுத்தானா என்று எம் மருமகள் நாள்தோறும் அவனையே கேட்டு எழுதுகிறாள். பேச இயலாதவாறு மூச்சு திணறினால் மட்டும் எழுதிக்கொண்டிராதீர். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.