எங்கள் தலைவியின் முழங்கால்



சென்ற கோடை விடுமுறையில் எங்கள் கைப்பந்துக் குழுவினர் காலையும் மாலையும் பயிற்சி செய்தோம். ஆறு வற்றி, வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த காலம். நம் தஞ்சைக் களிமண் மழையில் காலை விடாது, வெயிலில் கருங்கல்லாகிவிடும். அத்தரையில்தான் எம்பி எம்பிக் குதித்தோம்.

எங்கள் தலைவி எட்டாம் வகுப்பு மாணவி. ஓராண்டில் அவள் பாவாடை மடிப்பை இருமுறை பிரித்துவிட்டார்கள், அவ்வளவு வளர்த்தி! ஜூன் மாதம், ஜெப வேளையில் அவள் முழந்தாளிட முடியாமல் தவிப்பதைக் கண்டோம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நெல்லிக்காய் போல் ஒரு புடைப்பு. "டீச்சரிடம் சொல்லாதீர்கள்டி, குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள்" என்று கெஞ்சினாள். நாங்களும் சொல்லவில்லை. அவளுக்காகவே மறைத்தோம் என்று எண்ணிக்கொண்டோம். உண்மையில், அவளின்றி வட்டாரப் போட்டியில் தோற்போமே என்ற பயம்தான். நல்லெண்ணெய் தடவி அழுத்தி உருவினோம். வலி கூடியதே மிச்சம். போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கையில், குதித்து இறங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவர் எங்களுக்கும் சேர்த்தே விளக்கினார். தொடையின் முன்தசை, முழங்கால் சிப்பி வழியாக ஒரு தசைநாணால் கீழ்க்கால் எலும்பைப் பற்றியிருக்கிறது. வளரும் வயதில் அந்த எலும்பு முனை இன்னும் குருத்தாகவே இருக்கும். ஓயாமல் குதித்தால் தசைநாண் அதைச் சுண்டிச் சுண்டி இழுத்துப் புண்ணாக்கிவிடும். 1903ஆம் ஆண்டில் பாஸ்டனில் ஆஸ்குட், சூரிச்சில் ஷ்லாட்டர் என இரு மருத்துவர்கள் தனித்தனியே இதை விவரித்ததால் இருவர் பெயரையும் சேர்த்தே வழங்குகிறார்கள். வளர்ந்தவர்களுக்கோ அத்தசைநாணே நோகும். 2008இல் விம்பிள்டன் வென்ற நடால், 2009இல் முழங்கால் தசைநாண் வலியால் அங்கே ஆடவில்லை. நாங்கள் மட்டும் எண்ணெயால் தீர்க்கப் பார்த்தோம்!

படுத்த படுக்கையாக இருக்க வேண்டியதில்லையாம். குதிப்பதைக் குறைக்க வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைக்க வேண்டும். தொடையின் முன்னும் பின்னும் உள்ள தசைகளை நிதானமாக நீட்டிப் பழக வேண்டும். வலி தணிந்தபின் தொடைக்கு வலுவூட்டி, சிறிது சிறிதாக ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் வலியும் நின்றுவிடும். ஆனால் இரவில் தூக்கம் கெடுமளவு வலித்தாலோ, மூட்டே வீங்கினாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ உடனே காட்ட வேண்டும் என்றார்.

போட்டியில் தோற்றோம். தலைவி ஓரத்தில் அமர்ந்து புள்ளி எழுதினாள். தோற்றதைவிட, அவள் எங்களை ஒரு சொல்கூடக் குறை கூறாததுதான் உறுத்தியது.

பொங்கல் விடுமுறைக்குப் பின் திரும்பவும் ஆடுகிறாள். புடைப்பு அப்படியே இருக்கிறது. நேற்று மாலை அவளே போய், "டீச்சர், இன்று கொஞ்சம் வலிக்கிறது, பத்துக் குதிப்போடு நிறுத்திக்கொள்கிறேன்" என்றாள். நாங்கள் எண்ணினோம். பத்தாவது முடிந்ததும் பந்தை வாங்கிக்கொண்டோம்.