பழைய வண்டியில் புதிய ஒலி

அமெரிக்க நாட்டினர் பழைய மோட்டார் வண்டிகள்மீது வைத்துள்ள பற்றினை அங்குச் சில காலம் வாழ்ந்தவரே நன்கு அறிவர். செல்வர் ஏறிச் சென்ற பளபளப்பான கார்களை அவர்கள் கண்காட்சியில் நிறுத்தி வியப்பார்கள். ஆனால், பிக்கப் என்று வழங்கும் சிறு சரக்கு வண்டியையோ வீட்டில் ஒருவராகவே எண்ணுவார்கள். முன்னே மூவர் நெருங்கி அமரத்தக்க ஓர் இரும்பு அறை. பின்னே வைக்கோலும் விதை மூட்டையும் ஏற்றுவதற்குத் திறந்த தொட்டி. இவ்வளவே அதன் அமைப்பு. உழவர்க்கும் தச்சர்க்கும் உழைப்பில் துணை நின்ற வண்டி அது. அதன் ஒவ்வொரு வடுவுக்கும் ஒரு கதை இருக்கும்.

ஒகையோ மாநிலத்தின் தென்பகுதியில் நான் வாழ்ந்த நாளில், அடுத்த வீட்டு முதியவர் ஒருவரிடம் 1970ஆம் ஆண்டுச் செவர்லே பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. அவருடைய தந்தையார் பண்ணைக்கென்று புதிதாக வாங்கியது அது. அந்நாளில் பிக்கப் வண்டிக்கு வானொலி இன்றியமையாத உறுப்பன்று. வேண்டுவோர் தனியே பணம் கொடுத்துப் பெறவேண்டும். சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற அத்தந்தையார் வானொலிக்கு மட்டும் தயங்காமல் பணம் கொடுத்தாராம். காரணம் சின்சினாட்டி நகரத்துப் பேஸ்பால் அணி. மாலையில் வேலை முடிந்ததும் தந்தையும் மகனும் வயலோரத்தில் வண்டியை நிறுத்தி, டபிள்யூ.எல்.டபிள்யூ. என்னும் நிலையம் பரப்பும் ஆட்ட வருணனையைக் கேட்பார்கள். அதை வருணித்தவர்களுள் ஒருவர் ஜோ நக்ஸால். 1944ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதிலேயே, அதே அணிக்காகப் பந்தெறிந்தவர் அவர்! நம் மாணவர்கள் பத்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் வயதன்றோ அது?

அந்நிலையமும் எளியதன்று. 1934 முதல் 1939 வரை அது 5,00,000 வாட் ஆற்றலுடன் ஒலி பரப்பியது. அமெரிக்காவில் வேறெந்த நிலையமும் அவ்வளவு ஆற்றலுடன் நாள்தோறும் பரப்பியதில்லை. பின்னர் அது 50,000 வாட்டாகக் குறைக்கப்பட்டது. ஆயினும், இரவில் அதன் குரல் பல மாநிலங்களைத் தாண்டிச் செல்லும். பகலில் நடுத்தர அலைகளை வானத்தின் கீழ் அடுக்கு ஒன்று விழுங்கிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு மெலிகிறது. அப்போது அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைதூரத்தில் இறங்குகின்றன. கதிரவன் மறைந்தபின் ஊரும் தொலைவும் சுருங்கிவிடுகின்றன எனலாம்.

இத்தகைய வானொலியை அம்முதியவர் சில ஆண்டுகளாகத் திருப்புவதே இல்லை. கேட்டால், "ஒலி வருகிறது; சொல் வரவில்லை" என்பார். அவருக்குச் செவிப்புலன் குறைந்துவந்தது. அவருடைய மகள் மின்தொழில் கற்றவர். தந்தையின் வண்டியில் ஒலியமைப்பைச் செம்மை செய்யத் துணிந்தார். மின்சாரத்தில் எனக்கும் ஓரளவு பழக்கம் உண்டாதலால், விளக்குப் பிடிக்கவும் கம்பி நீட்டவும் நானும் உடன் சென்றேன்.

"ஒலி வருகிறது, சொல் வரவில்லை" என்ற சொற்கள் ஆழ்ந்த உண்மை உடையவை. நாம் பேசும்போது உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த அதிர்வுகளில் வலிவோடு வெளிப்படுகிறது. ஸகரம், ஷகரம் போன்ற உரசொலிகளோ நொடிக்கு 2,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட உயர்ந்த பகுதியில், மிக மெலிந்து வெளிப்படுகின்றன. முதுமை செவியில் புகும்போது அவ்வுயர்ந்த பகுதியையே முதலில் கவர்ந்துகொள்கிறது. ஆகவே, முதியவர்க்குக் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. நாம் உரக்கக் கத்தினால் முன்பே கேட்ட பகுதிதான் மேலும் பெரிதாகும். வீட்டிலுள்ள பாட்டன் பாட்டியரிடம் கூச்சலிட்டுச் சலித்துக்கொள்ளும் இளைஞர்கள் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். அவ்வண்டியின் பழைய வானொலியோ அந்த உயர்ந்த பகுதியைப் பெரும்பாலும் வெட்டி எறிந்தது. ஒரே ஒலிபெருக்கிதான் அதற்கு உண்டு. முகப்புப் பலகையின் நடுவில் மேல்நோக்கிப் பதித்திருந்தார்கள். ஐம்பது ஆண்டு வெயிலில் அதன் தாள்கூம்பு உலர்ந்து வெடித்திருந்தது. அதிலிருந்து எழும் ஒலி கண்ணாடியில் மோதிச் சிதறியே செவிக்கு வரும்.

வண்டியில் வானொலி வைப்பது தொடக்க முதலே அரும்பணியாகத்தான் இருந்தது. சிக்காகோ நகரத்தைச் சேர்ந்த பால் கால்வின் என்பவர் 1930இல் தம் ஸ்டூடிபேக்கர் காரில் வானொலி ஒன்றைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிச் சென்றார். உள்ளே கடை விரிக்க அவருக்கு இடமில்லை; வாயிலுக்கு வெளியே காரை நிறுத்தி, போவோர் வருவோர்க்கெல்லாம் பாட்டுக் கேட்கச் செய்தார். அக்கருவிக்கு அவர் இட்ட பெயரே மோட்டரோலா. அந்நாளில் ஒரு காரில் வானொலி பொருத்துவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும்; வெற்றிடக் குழல்களுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரத் தனி மின்கலங்களையும் வண்டிக்குள் புகுத்தவேண்டும். 1955இல் பில்கோ நிறுவனம் கிரைஸ்லர் கார்களுக்கென முழுதும் டிரான்சிஸ்டரால் இயங்கும் வானொலியைச் செய்தளித்தது.

மற்றொரு பகை எஞ்சினுக்குள்ளேயே இருந்தது. ஸ்பார்க் பிளக்கில் தோன்றும் ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு வானொலி நிலையமே. மார்க்கோனி கடல் கடந்து செய்தி அனுப்பியதும் அத்தகைய மின்பொறியைக் கொண்டே அன்றோ? அவருக்கு உதவிய பொறி, காரில் பாட்டுக் கேட்போர்க்குத் தொல்லையாயிற்று. தடை மிகுந்த கம்பிகளாலும் மின்தேக்கிகளாலும் அதனை அடக்கவேண்டியிருந்தது. பொறியே இல்லாத மின்சார வண்டிகள் வந்தபின்னும் இப்பகை ஒழிந்தபாடில்லை. அவற்றின் மின்னோட்டக் கருவிகள் எழுப்பும் இரைச்சலைக் காரணம் காட்டிச் சில நிறுவனத்தார் நடுத்தர அலை வானொலியையே நீக்கிவிட்டனர். போர்டு நிறுவனமும் அவ்வாறே நீக்க எண்ணி, 2023இல் அம்முடிவை மாற்றிக்கொண்டது.

இனி எங்கள் வேலைக்கு வருவோம். நகரத்துக் கடைக்காரர் ஒருவர், முகப்புப் பலகையை அறுத்துப் புதிய வானொலியைப் பதிக்கலாம் என்றும், இருக்கைக்குப் பின்னால் பெரிய ஒலிப்பெட்டி ஒன்றை வைக்கலாம் என்றும் கூறியிருந்தார். மகளுக்கும் முதலில் அது உடன்பாடே. முதியவர் மறுத்துவிட்டார். "என் தந்தை கை வைத்த பலகையில் வாள் படக்கூடாது. சொல் கேட்காவிட்டாலும் குற்றமில்லை" என்றார். இரண்டு நாள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. வெறும் பிடிவாதம் என்று அதனைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அறுத்த இரும்பு மீண்டும் கூடாது. அறுக்காத இரும்பை நாளையும் அறுக்கலாம். ஆகவே, பொறுத்திருக்க வேண்டியது வாளின் கடமை என்றே எனக்குத் தோன்றியது. மறுபுறம், தந்தைக்கு அவர் விரும்பிய குரலை மீட்டுத் தர முயலும் மகளின் அன்பையும் குறை கூற இயலுமோ?

வழி மூன்றாம் நாள் பிறந்தது. பழைய வானொலியின் முகத்தையும் குமிழ்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளுறுப்புகளை மட்டும் மாற்றித் தரும் கைவினைஞர்கள் அந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவருக்குப் பெட்டியை அனுப்பினோம். ஒலிபெருக்கிகளுக்கும் இடம் கிடைத்தது. ஓட்டுநரின் காலருகே, கதவுக்கு முன்னால் உள்ள பக்கச் சுவரில், தொழிற்சாலையார் இட்ட திருகுகளையே பயன்படுத்திச் சிறு பெட்டிகளைப் பொருத்தலாம். ஒரு புதிய துளையும் வேண்டியதில்லை.

பெட்டி திரும்பி வருமுன் நாங்கள் செய்த வேலையே பெரிது. ஒலியைச் சேர்க்கும் முன் இரைச்சலை நீக்கவேண்டும். கதவோர ரப்பர் பட்டைகள் கல்லாய் இறுகியிருந்தன, புதியவற்றை ஒட்டினோம். கதவின் உட்தகட்டிலும் தரையிலும் பியூட்டைல் ரப்பர்த் தாள்களை அழுத்தி ஒட்டினோம். வெறும் தகடு தட்டினால் பறைபோல் முழங்கும். அதே தகடு ரப்பர் ஒட்டியபின் கட்டையைத் தட்டினாற்போல் ஒலித்து அடங்கும். அதிர்வின் ஆற்றலை ரப்பர் வெப்பமாக மாற்றிவிடுவதே காரணம். ஒரு கருவியும் வைப்பதற்கு முன்பே வண்டி அமைதி பெற்றது. முதியவர் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்து, கதவை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தார். அன்று தந்தைக்கும் மகளுக்கும் பேச்சு மீண்டது.

அடுத்தது மின்கணக்கு. பழைய வானொலி 10 ஓம் தடையுள்ள ஒலிபெருக்கிக்கென அமைந்தது. இக்காலத்துக் கார் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் 4 ஓம் தடை உடையவை. அதே மின்னழுத்தத்தில் 4 ஓம் வழியே இரண்டரை மடங்கு மின்னோட்டம் பாயும். பழைய பெட்டியில் அவற்றை நேரே இணைத்தால் அதன் டிரான்சிஸ்டர் கருகிவிடும். ஓம் விதியைத் தேர்வுக்காக மட்டும் படித்தவர்கள் இங்கே அதன் பயனைக் காணலாம். ஒலிபெருக்கிகளை இயக்க ஆம்பிளிபையர் என்னும் சிறு பெட்டி ஒன்றை இருக்கையின் அடியில் வைத்தோம். 100 வாட் வாங்கும் அக்கருவி 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 8 ஆம்பியர் எடுக்கும். வண்டியின் இரு முன்விளக்குகளுக்கும் ஏறக்குறைய அவ்வளவே வேண்டும். பழைய ஆல்டர்னேட்டர் தருவது 40 ஆம்பியருக்கும் குறைவு. ஆதலால், இளைஞர் சிலர் விரும்பும் பேரொலிக் கருவிகளை இவ்வண்டி தாங்காது. எங்களுக்கு அவை தேவையும் இல்லை.

கடைக்காரர் கூறிய ஒலிப்பெட்டியை ஏன் வைக்கவில்லை என்று கேட்கலாம். 1970ஆம் ஆண்டுச் செவர்லே பிக்கப்பில் பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கிறது தெரியுமா? இருக்கைக்குப் பின்னால், ஆட்கள் அமரும் அறைக்குள்ளேயே! 1972 வரை அவ்வமைப்பு நீடித்தது. அங்கே துளையிடுவதும் மின்கம்பி இழுப்பதும் அறிவுடைமை ஆகாது. ஆம்பிளிபையரின் கம்பியைத் தொட்டியின் பக்கம் போகவே விடாமல், முன்புறத் தரையோரமாக மகள் கொண்டுவந்தார். மின்கலத்திலிருந்து ஒரு முழத்துக்குள் பியூஸ் வைத்தார். கம்பி இரும்புச் சுவரைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் செருகினார். வளையம் இல்லாவிடின், இரும்பின் விளிம்பு அதிர்ந்து அதிர்ந்து கம்பியின் உறையை அறுக்கும். பியூஸ் தொலைவில் இருந்தால், அதற்கு முந்திய கம்பி முழுவதும் காவலின்றிக் கிடக்கும். இவ்வளவு எளிய இரண்டு பொருள்கள் இல்லாமையால் எரிந்துபோன வண்டிகள் பல.

எல்லாம் இணைத்தபின் எஞ்சினை முடுக்கினோம். ஒலிபெருக்கியில் மெல்லிய ஊளை ஒன்று எழுந்து, எஞ்சின் விரைய விரைய உயர்ந்தது. ஆல்டர்னேட்டரின் குரல் அது. வானொலியும் ஆம்பிளிபையரும் வெவ்வேறு இடங்களில் வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தன; இரண்டு இடங்களுக்கும் இடையே இருந்த சிறு மின்னழுத்த வேறுபாடே ஊளையாகக் கேட்டது. இரண்டையும் ஓரிடத்தில், துருவைச் சுரண்டிய பளபளப்பான இரும்பில், சேர்த்து முடுக்கியதும் ஊளை நின்றது.

ஒலியின் அளவுக்கு மகள் ஒரு வரம்பு கட்டினார். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குத் தீங்கு என்று அந்நாட்டுத் தொழில்நல ஆய்வு நிறுவனம் கூறுகிறது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையவேண்டும். எஞ்சிய செவிப்புலனைக் காப்பதும், பின்னால் வரும் மருத்துவ வண்டியின் சங்கொலி கேட்பதும் வேண்டுமல்லவா? குமிழை எவ்வளவு திருப்பினாலும் அவ்வரம்பைத் தாண்டாதபடி ஆம்பிளிபையரை அமைத்தார். உயர்ந்த அதிர்வுகளை மட்டும் சற்றுத் தூக்கிவிட்டார்.

அன்றிரவு ஆட்டம் இருந்தது. முதியவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பழைய குமிழைத் திருப்பினார். முள் 700 என்னும் எண்ணுக்கு வந்தது. கூட்டத்தின் ஆரவாரம் கேட்டது. பின்னர் வருணனையாளர் ஓர் ஆட்டக்காரரின் பெயரைச் சொன்னார். முதியவர் அப்பெயரைத் தாமும் திருப்பிச் சொல்லி, மகளின் முகத்தைப் பார்த்தார். சரிதான் என்று மகள் தலையசைத்தார். ஒன்பது சுற்றும் முடியும்வரை மூவரும் வண்டியிலேயே இருந்தோம். அவ்வணி அன்று தோற்றது.

கழற்றிய பழைய உறுப்புகளை மகள் எறிந்துவிடவில்லை. எந்தக் கம்பி எங்கே சேரும் என்று சீட்டெழுதிக் கட்டி, வெடித்த ஒலிபெருக்கியோடு ஒரு தகரப் பெட்டியில் இட்டுப் பண்ணைக் கொட்டகையின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். பின்னொரு நாள் அவற்றை யாரேனும் மீண்டும் பொருத்த விரும்பினால், ஒரு திருப்புளியும் ஒரு பிற்பகலும் போதும்.